ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வெளியாகும்

மேலக்காடு லயம்
8.8.2025, வெள்ளி

ரேணுகாவுக்கு உன் மதினி மாயக்காள் எழுதுறது.

வந்து சேந்துட்டோம். பாண்டியராஜ் ஜீப்புல ரெண்டு நடை அடிச்சுப் பதினெட்டுப் பேரையும் கொண்டாந்து இறக்கிட்டான். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தது புதுசா வந்த பிள்ளைக இல்ல, பதினஞ்சு வருசமா மலையேறுற நம்ம கலையரசிதான். பேரை எழுதாதீகன்னு கையைப் பிடிச்சுக் கேட்டா. அதனால எழுதிட்டேன்.

இங்கன டவர் கெடையாது. மொட்டப்பாறை வரைக்கும் ஏறுனா போன்ல ஒரு கோடு வருமாம். அந்தப் பக்கம் ஆனை நிக்குதுன்னு காவக்காரரு ஒருத்தரையும் விடுறதில்ல. அதனால இந்தச் சுத்துக் காயெடுப்பு முடியிற வரைக்கும் நமக்குக் கடுதாசிதான். செவ்வாயும் வெள்ளியும் அரிசி பருப்பு ஏத்திக்கிட்டு ஜீப்பு வரும். பாண்டியராஜ் கையில குடுத்துவிடு. பிரிச்சுப் படிக்கிற ஆளில்ல. படிச்சாலும் என் கையெழுத்து அவனுக்குப் புரியப் போறதில்ல.

ஏலக்காய்த் தோட்டத்தை ரெண்டாப் பிரிச்சாச்சு. ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம் தேவாரம் ஊர்க்காரி சுருளியம்மாளும் அவ கூட்டியாந்த பதினெட்டுப் பேரும். இங்க ஒரு வழக்கம் இருக்கு, உனக்குச் சொல்லியிருக்கேனா தெரியல. எந்த ஆளுக தங்களோட பக்கத்துக் காயெடுப்பை முதல்ல முடிக்கிறாகளோ, அவுக கடைசிச் செடிகிட்ட நின்னு குலவை போடுவாக. காயெடுப்பு முடியிற ஞாயித்துக்கிழமை முதலாளி கிடா வெட்டுவாரு. தோத்தவுக சமைச்சு எலை போட்டுப் பரிமாறணும். செயிச்சவுக கை கழுவுன பெறகுதான் அவுக உக்காரணும். மூணு வருசமா எனக்குச் சுருளியம்மாதான் பரிமாறுறா. குழம்பு நல்லா வைப்பா. பேச்சுவார்த்தைதான் கெடையாது.

அது கெடக்கட்டும். நீ சொன்னதை இன்னும் என்னால நம்ப முடியல. நான் நோட்டுல எழுதிக் குடுத்துட்டு வந்த ஏழு பதிவையும் நீ உன் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்ல தட்டி வச்சுட்டா, வாரம் ஒண்ணா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அதுவாட்டுக்கு இன்டர்நெட்டுல நம்ம பிளாக்குல வந்துரும்னு சொன்னியே. நான் இங்கன செடிக்கடியில குத்தவச்சுக் காயெடுத்துக்கிட்டு இருப்பேனாம், அங்கன போடி பூராவும் என் பேச்சுக் கேக்குமாம். கல்யாணம் முடிஞ்சு இருபத்தேழு வருசத்துல நான் வாயை மூடியிருக்கிற நேரத்துலயும் பேசுறதுக்கு வழி கண்டுபிடிச்சுக் குடுத்தவ நீதான். உங்கண்ணன்தான் பாவம். ஒண்ணரை மாசம் காதுக்கு ஓய்வுன்னு நெனச்சிருப்பாரு.

அவருக்கு ரசம் வைக்கத் தெரியாது. பக்கத்துல நின்னு சொல்லிக் குடு. நீயே வச்சுக் குடுக்காதே.

மதினி


போடி
12.8.2025

அன்புள்ள மதினிக்கு,

முதல் பதிவு சொன்னபடி ஏழு மணிக்கு வெளியாகிவிட்டது. அந்த நேரத்தில் நான் ஜெராக்ஸ் கடையில்கூட இல்லை. வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தால், அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் என்ன தடவணும், எத்தனை சுற்றுத் துணி கட்டணும் என்று நீங்கள் கணீரென்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மாவை அப்படியே விட்டுவிட்டு முழுசும் படித்தேன்.

எதிர்வீட்டு மொக்கச்சாமி நேரே அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். சம்சாரம் மலையில் என்று சொன்னாயே, இப்பத்தானே எழுதியிருக்கிறது, அது உள்ளேதானே இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அண்ணன் ஒன்றும் பேசவில்லையாம். தானே குழைய வடித்த சோற்றுப்பானையைத் திறந்து காட்டினாராம். மொக்கச்சாமி ஒரு நொடியில் நம்பிவிட்டார்.

இருநூற்றுப் பத்துப் பேர் படித்திருக்கிறார்கள். பொட்டிப்புரத்தில் இருந்து ஒரு பெண், அட்டை விஷயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் என்று எழுதியிருக்கிறாள்.

மீதி ஆறையும் தட்டி, தேதி நேரம் குறித்து வைத்துவிடுகிறேன். கடையில் கூட்டம், ஒவ்வொன்றாகத்தான் முடியும். ரசம் நானே வைத்துக் கொடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.

ரேணுகா


15.8.2025

ரேணுகாவுக்கு,

உன் கடுதாசியைக் காயெடுக்கிற எடத்துல சத்தமா வாசிச்சேன். சத்தமான்னா, ஓடைக்கு அந்தப் பக்கம் கேக்குற மாதிரி. சுருளியம்மா நிமிந்து பாத்தா. திரும்பக் குனிஞ்சுக்கிட்டா. அப்ப அவ கையில இருந்த செடியில ரெண்டு பிஞ்சும் சேந்து வந்திருக்கும், பந்தயம் கட்டுறேன்.

இருநூத்திப் பத்துப் பேரு. அஞ்சாங்கிளாஸோட நின்னவ எழுதுனதை இருநூத்திப் பத்துப் பேரு படிக்கிறாகன்னா, எனக்கு அஞ்சாங்கிளாஸ் எடுத்த டீச்சர் இப்ப எங்கன இருக்காகன்னு தெரிஞ்சா தேவலை. வாய்ப்பாடு சொல்லத் தெரியலைன்னு பெஞ்சு மேல ஏத்திவிட்டாக. ஏறுனவ எறங்கவே இல்லைன்னு சொல்லணும்.

சோலி ஒழுங்காப் போகுது. நாங்க எட்டு வரிசை முன்னால.

மதினி


26.8.2025

அன்புள்ள மதினிக்கு,

இந்தக் கடிதத்தை ஓடைப் பக்கம் நின்று வாசிக்க வேண்டாம்.

மூன்றாவது பதிவு நேற்று முன்தினம் வெளியானது. அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? "இன்னைக்கு வெயிலு பளிச்சுன்னு அடிக்குது, மலைக்கு வர்றவுக மழைக்குப் போத்துற பிளாஸ்டிக் தாளைச் சுமக்காம வெரசாக் கெளம்பி வாங்க." நீங்கள் அதை எழுதிய அன்றைக்கு வெயில்தான். வெளியான அன்றைக்குப் போடியில் காலையில் இருந்து விடாத மழை. மறுநாள் விடியற்காலையில் முந்தலில் இருந்து இரண்டு பெண்கள் உங்கள் பேச்சை நம்பிக் கையை வீசிக்கொண்டு ஜீப் ஏறியிருக்கிறார்கள். சாயங்காலம் ஈரச் சேலையோடு நேரே என் கடைக்கு வந்தார்கள். மாயக்கா பொய் சொல்லாது, அதனால்தானே போனோம் என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

தப்பில் பாதி என்னுடையது. முன்கூட்டி எழுதுவதில் "இன்னைக்கு" என்ற வார்த்தை வரக்கூடாது என்று நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். மீதியில் அந்த வார்த்தை எங்கெல்லாம் இருக்கிறது என்று இப்போதுதான் நோட்டைப் புரட்டினேன். ஏழாவதில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

"இன்னைக்கு எங்க ஆளுக குலவை போட்டாச்சு. நாலாவது வருசமும் நாங்கதான் முதல். சுருளியம்மா கையால பரிமாறுன கறியைத் தின்னுட்டு, வெத்திலை போட்டுக்கிட்டே இதை எழுதுறேன்."

மதினி, இது செப்டம்பர் 21-ஆம் தேதி வெளியாக வேண்டியது. நீங்கள் எழுதியது ஜூலையில், உங்கள் வீட்டு அடுப்படியில். நடக்காததை நடந்ததாக எழுதி நேரம் குறித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மழையையாவது சாமி மேல் போடலாம். நிறுத்தி வைக்கட்டுமா? நீங்கள் வந்ததும், நடந்ததைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

ரேணுகா


29.8.2025

ரேணுகாவுக்கு,

அந்த ரெண்டு பேரு யாருன்னு விசாரிச்சு வை. வந்ததும் ஆளுக்கொரு நல்ல தாளு வாங்கிக் குடுக்கிறேன். அது என் தப்பு. அதை ஒத்துக்கிறேன்.

ஏழாவது தப்பில்ல. நடக்காததைன்னு எழுதியிருக்கே. இன்னும் நடக்கலைன்னு எழுது. சூரியன் நாளைக்கு வரும்னு சொன்னா அது பொய்யா? நாங்க பதினோரு வரிசை முன்னால போய்க்கிட்டு இருக்கோம். சுருளியம்மா ஆளுக மெனக்கெட்டு எடுக்குதுகதான், இல்லைங்கல. கைதான் போதாது.

நீயும் உங்கண்ணனும் ஒரே வார்ப்பு. குடையை எடுத்துட்டுப் போனா மழை வந்துருமோன்னு வீட்டுலயே இருக்கிற ஆளுக. தேதியைக் குறிச்சு வையி. அந்தத் தேதி தலைக்கு மேல தொங்குனாத்தான் எனக்குக் கை ஓடும்.

ஜெராக்ஸ் கடைக்காரி, குடுத்த காயிதத்தை உள்ளது உள்ளபடி எடுத்துக் குடுத்தாப் போதும். அதுல என்ன எழுதியிருக்குன்னு ஆராய வேண்டியதில்ல.

மாயக்காள்


2.9.2025

மதினிக்கு,

உள்ளது உள்ளபடி எடுத்தாயிற்று. ஏழாவது பதிவு, 21.9.2025, ஞாயிறு, மாலை ஏழு மணி. குறித்துவிட்டேன். உங்கள் கையெழுத்தில் எழுதி வராமல் இனி நான் அதைத் தொடமாட்டேன்.

அண்ணன் நலம்.

ரேணுகா


9.9.2025

ரேணுகா ஆத்தாவுக்கு,

போன கடுதாசியில ஒரு வரி கூடிப்போச்சு. எந்த வரின்னு உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதுனா ரெண்டாகும்.

இங்கன ஒரு சமாச்சாரம். சுருளியம்மா ஆளுகளுக்குக் காய்ச்சல். ஏழு பேரு கம்பிளியப் போத்திக்கிட்டு, நாங்க தங்குற லயத்துல கெடக்குதுக. ஜீப்புல ரெண்டு பேரைக் கீழ அனுப்பியாச்சு. மீதிப்பேரு கஞ்சியக் குடிச்சுட்டு எந்திரிக்கப் பாக்குதுக, முடியல. அவ பக்கம் காய் பழுத்து நிக்குது. இன்னும் நாலஞ்சு நாள் விட்டா செடியிலயே வெடிச்சிரும். வெடிச்ச காயி வெலைக்கு ஆகாது. சூப்ரவைசர் மலையாளத்துக்காரரு, சத்தம் போடுற மனுசன் இல்ல. ஆனா அடுத்த சுத்துக்கு தேவாரத்து ஆளு வேணாம்னு எழுத ஆரம்பிச்சுட்டாருன்னு காவக்காரரு சொன்னாரு. ஒரு தடவை எழுதிட்டா இந்த மலையில எந்தத் தோட்டமும் அவளைக் கூப்பிடாது.

நான் சிரிச்சிருக்கணும். மூணு வருசமா என்னை வாயாடின்னு ஊரு பூராச் சொன்னவ. எனக்கென்னமோ சிரிப்பு வரல. ஓடையத் தாண்டிப் போனேன். அவ ஒத்தையில மூணு ஆளு வரிசையப் பிடிச்சு எடுத்துக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கல. நான் ஆறு பேரை அனுப்புறேன்னு சொன்னேன். பிடிச்சிருந்த மூணுல ரெண்டு வரிசைய விட்டுட்டு ஒதுங்கிக்கிட்டா.

யாரை அனுப்புறதுன்னு நம்ம ஆளுக்குள்ள பேச்சு வந்துச்சு. புதுசா வந்த பிள்ளைகளை அனுப்பிருவோம்னு கலையரசி சொன்னா. கை குடுக்கிறதுன்னா வலது கையைக் குடுக்கணும்னு சொல்லி, கலையரசியையே முதல்ல அனுப்பிட்டேன். வெரசா எடுக்கிற ஆறு பேரும் இப்ப அந்தப் பக்கம்தான்.

பயப்படாதே. ஏழாவது அப்பிடியே இருக்கட்டும். பன்னெண்டு பேரும் பதினெட்டுப் பேரு சோலியப் பாப்போம். செயிச்சுருவோம்.

மதினி


12.9.2025

அன்புள்ள மதினிக்கு,

அந்த வரியை நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள்தான் நினைத்தேன்.

காய்ச்சல் மாத்திரை நாற்பது கொடுத்துவிட்டிருக்கிறேன். பொட்டலத்தின் மேல் "தேவாரம் ஆட்களுக்கு" என்று எழுதியிருக்கிறேன். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஏழாவதைப் பற்றி நான் இனிக் கேட்கமாட்டேன். நீங்களாக எழுதினால் அடுத்த நிமிடம் நிறுத்துவேன்.

ரேணுகா


19.9.2025, வெள்ளி

ரேணுகா,

அதை நிறுத்து.

நேத்துச் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். எங்களுக்கு இன்னும் ரெண்டரை வரிசை பாக்கி. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்து குலவை கெளம்புச்சு. முதல்ல ஒரு தொண்டை, அது சுருளியம்மா. அப்பறம் எல்லாரும். நான் செடிக்கடியில குத்தவச்ச வாக்குலயே கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்தக் குலவையில ஆறு தொண்டை என்னோடது. கலையரசி குலவையை எனக்குத் தனியாத் தெரியும், கடைசியில ஒரு இழுப்பு இழுப்பா. அவளுக்கு யாருகூட நின்னு போடுறோம்னே மறந்துபோச்சு போல.

பெறகு ஞாபகம் வந்து, ஆறு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னாளுக. அக்கா, வாய் தவறி வந்துருச்சுன்னாளுக. நல்லா எடுத்திருக்கீக, அதான் நல்லா வந்துச்சுன்னு சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன். எனக்கு அழுகையும் வரல, கோவமும் வரல. அந்தப் பக்கம் ஒரு காய்கூட வெடிக்கல. அதுல பாதி என் ஆளுக கை.

எங்க வரிசைய இன்னைக்கு மத்தியானம் முடிச்சோம். முதல்ல முடிச்சவுகதான் குலவை போடணும், அதனால போடல.

ஞாயித்துக்கிழமை நான் பரிமாறுறேன். அன்னைக்குச் சாயங்காலம் நான் வெத்திலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு ஊருக்கு வரக்கூடாது. தோத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். மாயக்கா பொய் சொல்லாதுன்னு ஈரச் சேலையோட உன் கடையில வந்து நின்னாகளே ரெண்டு பேரு, அவுக படிப்பாக. நீ அன்னைக்கே சொன்னே. எனக்குத்தான் திமிரு.

இது என் கையெழுத்து. நிறுத்து.

மாயக்காள்


23.9.2025, செவ்வாய்

அன்புள்ள மதினிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாண்டியராஜ் வெள்ளிக்கிழமை கீழே வரவே இல்லை. மெட்டு மலைரோட்டில் மரம் சாய்ந்து, மண்ணும் சரிந்து, மூன்று நாள் மேலேயே மாட்டிக்கொண்டான். உங்கள் கடிதம் நேற்று, திங்கள் மத்தியானம்தான் என் கைக்கு வந்தது.

பதிவு ஞாயிறு ஏழு மணிக்கே போய்விட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஞாயிறு ஆறு ஐம்பதுக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜீப் வரவில்லை, உங்களிடம் இருந்து ஒரு தகவலும் இல்லை, ஆறு பேரை வேறு கொடுத்திருக்கிறீர்கள். நிறுத்திவிடலாம் என்று கை போனது. கையெழுத்தில் வராமல் தொடமாட்டேன் என்று எழுதியது ஞாபகம் வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரி என்ற வரியும் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன். ஏழு ஆனது. ஒரு சத்தமும் இல்லாமல் அது வெளியாகிவிட்டது.

முன்னூற்று நாற்பது பேர் படித்திருக்கிறார்கள். வாழ்த்துச் சொல்லிப் பன்னிரண்டு பேர். மொக்கச்சாமி அண்ணனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். அண்ணனிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள், அழித்துவிடுகிறேன். இருந்த இடம் தெரியாமல் போய்விடும். யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ரேணுகா


23.9.2025, ஜீப்பு கெளம்புறதுக்குள்ள

ரேணுகாவுக்கு,

கம்ப்யூட்டர் மேல பழியப் போடாதே. அது நீ சொன்ன நேரத்துக்கு, நான் சொன்னதைச் சொல்லுச்சு. உன் ரோசத்தையும் என் ரோசத்தையும் ஒரு தராசுல வச்சா முள்ளு நடுவுல நிக்கும். விடு.

உன் கடுதாசியப் படிச்சதும் நேரா சுருளியம்மாகிட்டப் போனேன். ரெண்டு கூட்டமும் இன்னும் மேலதான் இருக்கோம், ஸ்டோர்ல காஞ்ச காயத் தரம் பாத்துப் பொறுக்குற சோலி பத்து நாளைக்கு இருக்கு. விசயத்தைச் சொன்னேன். பொறுக்குற கையை நிறுத்தல அவ.

"நீ எலை போட்டதை இங்க முப்பத்தஞ்சு பேரு பாத்தோம். ஊருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, விட்டுரு மாயக்கா."

"முப்பத்தஞ்சு பேருக்கு நெசம், முன்னூத்தி நாப்பது பேருக்குப் பொய்யின்னா, நான் ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட எறங்குறது?"

அதுக்கப்பறம்தான் நிமிந்து பாத்தா.

"அப்ப எழுது. குழம்புல உப்புக் கம்மின்னும் எழுது."

மூணு வருசத்துக்கப்பறம் என்கூடப் பேசுனது இவ்வளவுதான். மாத்திரைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு இது போதும்.

அதனால அழிக்காதே. அழிச்சா படிச்சவுக மனசுல இருக்கிறது அழியாது. அது அப்பிடியே கெடக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும். அதுக்கு மேல கீழ இருக்கிறதைப் போடு. நேரம் கீரம் குறிக்காதே. கையில வாங்குன நிமிசமே போடு.

"போன ஞாயித்துக்கிழமை நாங்கதான் முதல்ல முடிச்சோம்னு இங்கன எழுதியிருந்தேன். அது பொய். மலையேறுறதுக்கு முன்னாலயே வீட்டுல உக்காந்து எழுதிக் குடுத்துட்டு வந்தது. என் நாத்தனா ரேணுகா வேணாம்னா, நாந்தான் கேக்கல. தேவாரத்து சுருளியம்மா ஆளுக காய்ச்சலோட காயெடுத்து, வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்குக் குலவை போட்டாக. நாங்க மறுநாள் மத்தியானம்தான் முடிச்சோம். நாந்தான் எலை போட்டேன், நாந்தான் பரிமாறுனேன். குழம்புல உப்புக் கம்மின்னாக, சரிதான். வாழ்த்துச் சொன்ன பன்னெண்டு பேரும் அதை சுருளியம்மாளுக்கு மாத்திச் சொல்லிருங்க. இப்பிடிக்கு மாயக்காள், அஞ்சாங்கிளாஸ்."

பாண்டியராஜ் ஹாரன் அடிக்கிறான்.

மதினி


26.9.2025

அன்புள்ள மதினிக்கு,

செவ்வாய் மாலை ஆறு இருபதுக்குக் கடிதம் கைக்கு வந்தது. ஆறு முப்பத்தொன்றுக்குப் போட்டுவிட்டேன். அந்தப் பதினோரு நிமிடம் தட்டுவதற்கு ஆனது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

ஆறு பேரை அனுப்பியதை நீங்கள் அதில் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். சேர்த்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எழுத வேண்டுமென்றால் நீங்களே எழுதியிருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வாழ்த்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். முந்தல் பெண்கள் இருவரும் நேற்றுக் கடைக்கு வந்தார்கள். அடுத்த சுற்றுக்கு மாயக்கா எப்போது ஆள் எடுப்பார்கள், பேரை எழுதிக்கொள் என்றார்கள். எழுதிக்கொண்டேன்.

ஆறு பேர் விஷயத்தை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். எப்போதும்போல ஒன்றும் பேசவில்லை. பதிவை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளம்பினார். மூன்று நாளாக அங்கே டீக்கடைக்கு டீக்கடை நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்:

"இந்த வருசம் மேலக்காட்டுல தோத்தது யாரு தெரியுமா? என் பொண்டாட்டி."

ரேணுகா